வெள்ளவத்தை வீட்டுச் சிவப்புப் பட்டன்

தம்பிமாரே, உங்கள் பைகளைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாக இருக்கிறது. மீட்டர் என்ன, ஐந்தாறு விதமான குறடு என்ன, கைக்கு உறை வேறு. நாங்கள் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் ஒரு ஸ்குரூ டிரைவர், ஒரு குறடு, சோதித்துப் பார்க்க வயரில் மாட்டிய ஒரு பல்ப், இவ்வளவுதான். மிச்சத்துக்கெல்லாம் வாய் இருந்தது. அந்த வாயால் நான் செய்த ஒரு காரியத்தைத்தான் இன்று சொல்லப்போகிறேன். கரண்ட் என்னை இரண்டு முறை தூக்கி எறிந்திருக்கிறது. அதையெல்லாம் சிரித்துக்கொண்டே சொல்வேன். இதைச் சொல்லும்போது மட்டும் இந்த வயதிலும் காது சுடுகிறது.

உலக யுத்தம் முடிந்திருந்தது. வெள்ளைக்காரன் இன்னும் மூட்டை கட்டவில்லை. மருதானை ரயில் நிலையத்துக்குப் பின்புறம் எங்கள் பட்டறை. மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, ரேடியோ என்று எது பழுதானாலும் வரும். வேலையை மேற்பார்க்கிற போர்மன் ஒரு முஸ்லிம் பெரியவர். ‘நானா’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அதிகம் பேசமாட்டார். பேசினால் நாம் அதற்கப்புறம் பேசமாட்டோம். நான் ஜிந்துப்பிட்டியிலிருந்து தினமும் நடந்து வருகிறவன். வேலை கொஞ்சம் பிடிபட்டிருந்தது. தலைக்கனம் அதைவிட வேகமாகப் பிடிபட்டிருந்தது. சிங்களக் காவல்காரர்கள் கேட்டைத் திறந்துவிட்டு “பாஸ் உன்னெஹே” என்று, அதாவது மேஸ்திரி ஐயா என்று, மரியாதையாகக் கூப்பிட்டால், கவர்னரே எனக்காகக் காத்திருக்கிறார் என்ற நினைப்போடு உள்ளே போவேன்.

அந்த வருசம் தென்மேல் மழை பிடித்த சில நாட்களில், வெள்ளவத்தையில் ஒரு வீட்டிலிருந்து ஆள் வந்தது. வீட்டுக்காரர் ஒரு புரொக்டர். கோர்ட்டில் பெயர் எடுத்த யாழ்ப்பாணத்து வழக்கறிஞர். ஊருக்குத் திரும்பிய அமெரிக்க அதிகாரி ஒருவரிடம் அவர் ஒரு மெஷின் வாங்கியிருந்தார். உடுப்புக் காய வைக்கிற மெஷின். ஈர உடுப்பைப் போட்டு மூடினால் உள்ளே பீப்பாய் சுற்றும், சூட்டுக் காற்று அடிக்கும், முக்கால் மணி நேரத்தில் உடுப்பு மொறுமொறுவென்று வெளியே வரும். எங்கள் கரண்டுக்கு அது ஒத்துப்போகவேண்டுமென்று பக்கத்தில் அரிசிப் பெட்டி அளவுக்கு ஒரு டிரான்ஸ்போமரும் இருந்தது. அதுவரை அப்படி ஒன்றை நான் படத்தில்கூடப் பார்த்ததில்லை. நானாவும் பார்த்ததில்லை. என்னைப் போகச் சொன்னார்.

வீடு கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கையில் இருந்தது. மழைக் காலத்தில் அங்கே கொடியில் போட்ட உடுப்பு மூன்று நாளானாலும் ஈரமாகவே இருக்கும். காய்ந்தாலும் உப்புப் பிசுபிசுக்கும். வீட்டில் ஐயா, அம்மா, வெள்ளைச் சீருடை போட்டுப் பள்ளிக்கூடம் போகும் இரண்டு பெண் பிள்ளைகள். வேலைக்கு, ஹட்டன் பக்கத் தோட்டம் ஒன்றிலிருந்து வந்த பாக்கியம் என்ற பெண். நாற்பது வயதிருக்கும், கணவன் இல்லை. சமையலைத் தவிர வீட்டின் எல்லா வேலையும் அவர் தலையில்தான். மெஷினை ஓட்டுவதும் அவர்தான்.

மெஷினைப் பற்றி நீங்கள் தெரிந்துகொள்ளவேண்டியது இரண்டே விஷயம். ஒன்று, உடுப்பிலிருந்து உதிரும் பஞ்சைப் பிடிக்க உள்ளே ஒரு கம்பி வலை இருக்கும். காற்று அதன் வழியாகத்தான் போகவேண்டும். மற்றது, பின்பக்கம் ஒரு சிவப்புப் பட்டன். உள்ளே சூடு அளவு மிஞ்சினால் மெஷின் தானாக நின்றுவிடும். ஆறியபிறகு அந்தப் பட்டனை அமுக்கினால்தான் திரும்ப ஓடும்.

நான் முதலில் போனது ஒரு வியாழக்கிழமை. மெஷின் நின்று கிடந்தது. திறந்து பார்த்தேன், வயர்களை இழுத்துப் பார்த்தேன், எந்த மெஷினானாலும் செய்கிற மாதிரி வலையைக் கழற்றிக் குழாயடியில் சவர்க்காரம் போட்டுக் கழுவித் துடைத்து மாட்டினேன். பிறகு பட்டனை அமுக்கினேன். ஓடியது. பிள்ளைகள் கைதட்டினார்கள். அம்மா தேத்தண்ணியோடு வடையும் தந்தார். பட்டனை அமுக்கிய விரலுக்கே வடை என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன்.

திங்கட்கிழமை திரும்ப ஆள் வந்தது. மெஷின் நின்றுவிட்டதாம். போனேன், கழுவினேன், அமுக்கினேன், ஓடியது. நனைத்த போர்வை இரண்டைப் போட்டு ஒரு மணி நேரம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறையும் இல்லை. இந்த முறை தேத்தண்ணி மட்டும் வந்தது.

அடுத்த வியாழன் மூன்றாம் முறை. தேத்தண்ணியும் இல்லை. ஐயா கோர்ட்டுக்குப் போகாமல் எனக்காகவே வீட்டில் நின்றார். மெஷினுக்குப் பக்கத்தில் ஐயாவும் அம்மாவும் நிற்க நான் குந்தியிருந்து பார்க்கிறேன். பழுது இருந்தால்தானே தெரியும். வலையைக் கழற்றும்போது இலேசாக நல்லெண்ணெய் மணந்தது. முதல் நாள்தான் நான் தலை முழுகியிருந்தேன். நம்மவர்களில் ஆண்கள் எண்ணெய் வைத்து முழுகுவது புதனும் சனியும்தானே. என்னதான் சீயக்காய் தேய்த்தாலும் அடுத்த நாள் மணக்கத்தான் செய்யும். என் தலைதான் மணக்கிறது என்று நினைத்து, அம்மாவுக்கு மணத்துவிடக் கூடாதே என்ற வெட்கத்தில் கொஞ்சம் தள்ளிக் குந்தினேன். துப்பு மூக்குக்குள்ளேயே வந்திருந்தது. நான் தலையைத் தூர எடுத்துக்கொண்டேன். இந்த மடத்தனத்தை ஒரு வெள்ளைக்காரப் பாஸ் செய்திருக்க முடியாது.

ஐயா கேட்டார், “மூண்டாம் தரம். என்ன பழுது எண்டு இண்டைக்காவது சொல்லும்.”

‘தெரியவில்லை’ என்று ஒரு சொல் இருக்கிறது, தம்பிமாரே. தமிழில் அதைவிடச் சுலபமான சொல் இல்லை. அன்றைக்கு அது என் வாயில் வரவில்லை. பாஸ் உன்னெஹேக்குத் தெரியாதென்று எப்படிச் சொல்வது? “மெஷினில ஒண்டும் இல்லை ஐயா. ஆரோ கை வைக்கினம்” என்றேன். சொன்னது போதாதென்று வேலைச் சீட்டிலும் அதையே எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பிரதியை அங்கே கொடுத்துவிட்டுக் கார்பன் பிரதியோடு வந்தேன். வெளியே வரும்போது வாசலில் பாக்கியம் நின்றிருந்தார். அவரை நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பட்டறையில் நானா அந்தப் பிரதியை வெளிச்சத்தில் பிடித்து வாசித்தார். “என்னத்த மகன் எழுதி ஈக்கிற? ஆரோ எண்டா ஆரு?” என்று கேட்டார். தெரியாது என்றேன். இப்போது மட்டும் அந்தச் சொல் எவ்வளவு சுலபமாக வந்தது பாருங்கள். “தெரியாட்டி என்னத்துக்கு எழுதின?” என்றார். ஒரு ரேடியோவைத் திறந்துகொண்டு உட்கார்ந்துவிட்டார். எனக்கு எரிச்சலாகத்தான் இருந்தது. பழுதில்லாத மெஷினில் பழுது தேடுகிற பாடு இந்த மனிதருக்கு எங்கே தெரியும் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை மறுபடியும் ஆள் வந்தது. அன்றைக்குக் கோர்ட் விடுமுறை தொடங்கியிருந்தது. மருதானையில் ரயில் ஏறி, மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். பின்கட்டுப் படியில் பாக்கியம் உட்கார்ந்திருந்தார். காலடியில் ஒரு தகரப் பெட்டி, அதன்மேல் சுருட்டிக் கட்டிய பாய். பின்னேர ரயிலில் அவரை ஊருக்கு அனுப்புகிறார்கள் என்று சமையல்காரர் கிசுகிசுத்தார். மெஷினைக் கெடுக்கிறது இவள்தான் என்று அம்மா முடிவு கட்டிவிட்டார். பாஸே எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார், அந்த வீட்டில் மெஷினில் கை வைப்பது வேறு யார்? கெடுத்ததற்குக் காரணமும் அம்மாவிடம் தயாராக இருந்தது. இவளுக்கு மெஷினைக் கண்டால் பயம், பிடிக்காது, அதனால் ஏதோ செய்கிறாளாம்.

அம்மா ஒரு துவாயைக் கொண்டுவந்து விரித்துக் காட்டினார். ஐயா குளித்துவிட்டுத் தலை துவட்டும் வெள்ளைத் துவாய். ஓரத்தில் உள்ளங்கை அளவுக்குப் பழுப்பேறிக் கருகியிருந்தது. சனிக்கிழமை மெஷினுக்குள் இருந்து எடுத்ததாம்.

“இனி உவளை வைச்சிருக்க ஏலாது. நீர் அந்தப் பட்டனை ஒரேயடியாக் கழட்டி விடும். அது இருந்தாத்தானே நிக்கும்” என்றார் அம்மா.

கழற்றுவது ஐந்து நிமிட வேலை. ஒரு துண்டு வயரை இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்குக் கொடுத்துவிட்டால் மெஷின் இனி எந்தச் சூட்டுக்கும் நிற்காது. என்னைக் கூப்பிட ஆள் வராது. என் பேரும் தப்பும். அம்மாவுக்கும் சந்தோசம். நான் குந்தியிருந்து வயரை வெட்டிக் கையில் எடுத்துவிட்டேன், மறைக்கமாட்டேன். அப்போது அந்தத் துவாய் என் முழங்காலுக்குப் பக்கத்தில் கிடந்தது. பட்டன் நிறுத்தியிராவிட்டால் அந்தப் பழுப்பு கறுப்பாகியிருக்கும். கறுப்புக்கு அடுத்தது நெருப்பு. மாடியில் பிள்ளைகள் படிக்கிற சத்தம் கேட்டது. கை ஓடவில்லை. வயரைச் சட்டைப் பையில் போட்டேன்.

எனக்குத் தெரியவில்லை என்பது அப்போதுதான் எனக்கே உறைத்தது. உறைத்த பிறகுதான் ஒரு விஷயம் யோசனைக்கு வந்தது. மூன்று முறை இந்த வீட்டுக்கு வந்தேன். ஐயாவிடம் கேட்டேன், அம்மாவிடம் கேட்டேன். தினமும் மெஷினை ஓட்டுகிறவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பின்கட்டுக்குப் போனேன். அவரை எப்படிக் கூப்பிடுவது என்றே தெரியவில்லை, அதுவரை கூப்பிட்டிருந்தால்தானே. “அக்கா” என்றேன். நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இருந்திருந்தால்கூட நான் பிழைத்திருப்பேன். பெரிய இடத்துப் பேச்சுக்கெல்லாம் நான் எதற்கு என்கிற மாதிரி இருந்தது அது.

மெஷின் எப்போது நிற்கிறது என்று கேட்டேன்.

“பொதங்கெழமையும் சனிக்கெழமையுந்தாங்க” என்றார். “மத்த நாள்ல எவ்வளவு போட்டாலும் நிக்காது. அம்மாகிட்ட சொன்னேன். மெஷினுக்கு நாளு கெழமை தெரியுமாடின்னாங்க.”

என் வேலைச் சீட்டுகள் கண்ணுக்குள் வந்தன. வியாழன், திங்கள், வியாழன், திங்கள். புதன் நின்றால் எனக்கு வியாழன் ஆள் வரும். சனி நின்றால், ஞாயிறு பட்டறை பூட்டு, திங்கள் ஆள் வரும். நாலு தேதியையும் என் கையாலேயே எழுதியிருக்கிறேன். கிழமையைப் பார்க்கவில்லை.

புதனும் சனியும் மெஷினுக்குள் புதிதாக என்ன போகிறது என்று கேட்டேன். அவர் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “ஐயா தல முழுகற நாளுங்க. துவட்டுன துவாய அவரே புழிஞ்சு அவரே மெஷின்ல போட்டுடுவாரு. அத மட்டும் யாருட்டயும் குடுக்கமாட்டாரு. அம்மா, புள்ளைங்க எண்ணெத் துணியெல்லாம் நான் சோடா போட்டு அவிச்சுட்டுத்தான் போடுவேன். வலையக் கழுவலாமான்னு கேட்டேன். தண்ணி படக்கூடாதுன்னு ஐயா சொல்லிட்டாரு.”

அவ்வளவுதான் பழுது. எண்ணெய் ஊறிய துவாய் சூட்டில் சுற்றும்போது எண்ணெயும் சீயக்காய்த் தூளும் பஞ்சோடு சேர்ந்து வலையில் அப்பிவிடும். காற்றுப் போக வழி இல்லாமல் சூடு ஏறும். பட்டன் வெளியே வரும். அடுத்த நாளோ அதற்கடுத்த நாளோ நான் வந்து வலையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிவிட்டு, பட்டனை அமுக்கியதால்தான் ஓடியது என்று மார்தட்டுவேன். வடை கிடைத்திருக்கவேண்டியது குழாயடிக்கு.

பழுது பிடிபட்டால் மனம் குதிக்கும், உங்களுக்கும் தெரியும். அன்றைக்கு அந்தக் குதிப்பு அரை நிமிடம்கூட நிற்கவில்லை. கை வைத்தது யாரோ அல்ல, வீட்டுக்காரரே. அதை அவரிடம் நான் சொல்லவேண்டும். அவர் கோர்ட்டில் சாட்சிகளை உரித்து உப்புப் போடுகிறவர். பட்டறைக்கு ஒரு கடிதம் எழுதினால் என் வேலை போய்விடும். சொல்லாவிட்டாலோ இந்த மனுஷி, வீட்டுச் சாமானைக் கெடுத்தவள் என்ற பேரோடு ரயில் ஏறவேண்டும். அந்தப் பேர் வெள்ளவத்தையில் ஒரே வாரத்தில் வீடு வீடாகப் போய்விடும். அப்புறம் எந்த வீட்டுப் படலையும் அவருக்குத் திறக்காது. அவருக்கு அந்தப் பேரை வாங்கிக் கொடுத்தது நான். எனக்குப் பயமாகத்தான் இருந்தது. வெட்கம் அதைவிடப் பெரிதாக இருந்ததால் போனேன்.

ஐயா முன் விறாந்தையில் சாய்மனைக் கதிரையில் இருந்தார். வலையைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு முன்னால் போய் நின்றேன். பட்டனைக் கழற்றவில்லை என்றும், கழற்றினால் வீடு பற்றும் என்றும் முதலில் சொன்னேன். பிறகு, போன முறை நான் சொன்னது பிழை என்றேன்.

புத்தகத்தை மூடினார். “ஆரோ கை வைக்கினம் எண்டு சொன்னது நீர்தானே?”

“ஓம் ஐயா.”

“எழுதித் தந்ததும் நீர்தானே?”

“ஓம் ஐயா. தெரியாமல் எழுதிப்போட்டன்.”

“அப்ப இண்டைக்குச் சொல்லுறதை மட்டும் என்னெண்டு நம்புறது?”

கூண்டில் நிற்கிறவனுக்கு எப்படியிருக்கும் என்று அன்று தெரிந்துகொண்டேன். என் வாயை நானே நம்பாத நேரம் அது. வலையை நீட்டி, “மணந்து பாருங்கோ ஐயா” என்றேன்.

வாங்கி மணந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு முறை மணந்தார். அதற்குள் அம்மா வந்து அதை அவர் கையிலிருந்து எடுத்து மூக்கில் வைத்தார். நல்லெண்ணெயில் சீரகமும் மிளகும் போட்டு அவருக்கென்று அம்மா கையாலேயே காய்ச்சுகிற எண்ணெய். அந்த மணத்துக்கு வேறு சாட்சி தேவையில்லை. “இது உங்கட எண்ணெயெல்லோ” என்றார்.

ஐயா எழுந்து பின்கட்டுக்குப் போனார். நாங்களும் பின்னால் போனோம். பாக்கியத்தைப் பார்த்து, பெட்டியை உள்ளே வைக்கச் சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அவர் வாயில் அதுவே பெரிய காரியம் என்று எனக்குப் பட்டது.

பாக்கியம் அசையவில்லை. “அந்தத் தம்பி ஒரு தாளுல எழுதிக் குடுத்துச்சுங்களே. அது மாதிரி இதையும் எழுதிக் குடுக்கச் சொல்லுங்க ஐயா” என்றார்.

சீட்டுப் புத்தகத்தை எடுத்தேன். அவர் பேரை அப்போதுதான் முதல்முறையாகக் கேட்டேன். ‘மெஷின் நின்றதற்குப் பாக்கியம் காரணம் அல்ல. நான் முன்பு எழுதியது தவறு’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். பாக்கியத்துக்கு வாசிக்கத் தெரியாது. ஐயாவைக் கேட்டார். ஐயா கோர்ட்டில் வாசிக்கிற குரலில் வாசித்தார்.

பாக்கியம் கேட்டு முடித்துவிட்டு, “காரணம் யாருன்னு போடலீங்களா?” என்றார்.

நான் தரையைப் பார்த்தேன். அம்மா மழையைப் பார்த்தார். ஐயா என் கையிலிருந்த பேனாவை வாங்கினார். தகரப் பெட்டியின்மேல் புத்தகத்தை வைத்து, குனிந்து, ‘காரணம் நான்’ என்று எழுதி, பத்திரங்களில் போடுகிற முழுக் கையெழுத்தையும் போட்டு, சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். என் தொழிலில் நான் பார்த்த மிகப் பெரிய துணிச்சல் அதுதான். கரண்டில் கை வைப்பதெல்லாம் அதற்குப் பக்கத்தில் வராது.

பாக்கியம் அதை நாலாக மடித்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார். பெட்டியைத் தூக்கினார். உள்ளேயா வெளியேயா என்று நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டு நின்றோம். உள்ளே போனார். போகும்போது, “தம்பி, அந்த வலையக் குடுங்க, நானே கழுவுறேன்” என்றார். அதற்குப் பிறகு அந்த வீட்டிலிருந்து எனக்கு ஆள் வரவில்லை.

கார்பன் பிரதியை நானாவிடம் கொடுத்தேன். இரண்டு கையெழுத்தையும் பார்த்தார். என்னையும் பார்த்தார். திட்டுவார் என்று நின்றேன். பிரதியைக் கவிழ்த்து வைத்து, அடுத்த வேலைக்கான முகவரியைத் தந்துவிட்டு, என்னைச் சோதிக்கிற மாதிரி ஒன்று மட்டும் கேட்டார்: “அந்த மனிசிட பேர் என்ன?”

“பாக்கியம்” என்றேன். இந்த முறை எனக்குத் தெரிந்திருந்தது.